பயமுறுத்தும் சிவப்பு, கொல்லும் ஈரம்: தொட்டி அமரில்லிஸ் கிழங்கின் நோய்கள்

அமரில்லிஸ் வளர்ப்பவர்களை முதலில் கலங்கடிப்பது சிவப்பு நிறம்தான். இலை ஓரத்தில் ஒரு கோடு, கிழங்கின் தோள்பட்டையில் ஒரு திட்டு, பூந்தண்டில் ஒரு வடு தென்பட்டால் போதும், பூஞ்சைக்கொல்லி பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதே வீட்டு மாடியில் இன்னொரு தொட்டி இருக்கும். அதில் சிவப்பே இருக்காது. இலைகள் கொஞ்சம் தளர்ந்தாற்போல் தெரியும், அவ்வளவுதான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவார்கள். பத்து நாளில் அந்தக் கிழங்கு கையோடு குழைந்து வரும். மூன்றாவது தொட்டி ஒன்றும் உண்டு. இலையில் வெளிர்பச்சைக் கீற்றுகள் ஓடும். ஆண்டுதோறும் பூக்கவும் செய்யும். அதை யாரும் நோயாகவே கருதுவதில்லை. இந்த மூன்றில் மருந்தே இல்லாதது அந்த மூன்றாவதுதான். இந்தக் கிழங்கின் நோய்களைப் பற்றிப் பேசும்போது பயத்தின் வரிசையையும் ஆபத்தின் வரிசையையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இரண்டும் ஏறக்குறைய தலைகீழாக நிற்கின்றன.

நாம் அமரில்லிஸ் என்று வாங்குவது தாவரவியலில் ஹிப்பியாஸ்ட்ரம். தாயகம் தென் அமெரிக்கா. 1799இல் லங்காஷயரைச் சேர்ந்த ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரம் செய்பவர் முதல் கலப்பினத்தை உருவாக்கினார். பிறகு ஹாலந்துக்காரர்கள் அதை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். நம் ஊர்த் தோட்டங்களில் பல தலைமுறையாகப் பரவியிருக்கும் செம்மஞ்சள் நிறப் பழைய வகை முரடானது. மண்ணில் போட்டு மறந்தாலும் கோடையில் பூத்துவிடும். தொந்தரவெல்லாம் பெரிய பூவுள்ள கலப்பினங்களை, இறக்குமதிக் கிழங்காகவோ கலிம்போங் பக்கத்து நர்சரிக் கிழங்காகவோ வாங்கித் தொட்டியில் வைக்கும்போது தொடங்குகிறது.

கிழங்கின் உள்ளமைப்பு தெரியாமல் நோய் புரியாது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவது போலவே இதிலும் அடுக்கடுக்கான செதில்கள். அவற்றையெல்லாம் தாங்குவது அடியிலுள்ள கெட்டியான தட்டு. வேர் விடுவது அந்த அடித்தட்டிலிருந்துதான். செதில்கள் குவிந்து மேலே வருகிற இடம் கழுத்து. ஏறத்தாழ நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில், வரப்போகும் பருவங்களுக்கான மொட்டுகள் ஏற்கெனவே உள்ளே உருவாகிக் காத்திருக்கும். ஆகவே இன்று கிழங்குக்கு நேரும் காயம் அடுத்த ஆண்டின் பூவிலும் தெரியக்கூடும்.

செதிலில் நகத்தால் கீறினாலும் சில நாளில் அந்த இடம் சிவக்கும். காயம்பட்ட திசு தன்னைக் காத்துக்கொள்ள உருவாக்கும் சேர்மங்களின் நிறம் அது. 1990களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்தெடுத்து, சால்கோன், ஃபிளேவன் வகை வேதிப்பொருள்கள் என்றும் பூஞ்சைக்கு எதிரான தற்காப்பின் பகுதி என்றும் காட்டினார்கள். பூஞ்சை தாக்கினாலும், சிலந்திப்பூச்சி உறிஞ்சினாலும், மண்வெட்டி பட்டாலும், பார்சலில் நசுங்கினாலும் இந்தச் செடி தருவது ஒரே பதில்: சிவப்பு. எனவே சிவப்பை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. தோட்டக்கலைக் கையேடுகள் பலவற்றில் 'சிவப்புப் புள்ளி என்றால் இந்த நோய்' என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒற்றை வரி எத்தனையோ நல்ல கிழங்குகளைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது.

இனி அந்த ஒற்றை வரி குறிப்பிடும் நோய்க்கு வருவோம். ஸ்டாகோனோஸ்போரா கர்டிசி என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட பூஞ்சை இது. இப்போது வகைப்பாட்டாளர்கள் அதை டிடிமெல்லா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இலை கருகல், செந்திட்டு, செந்தீ என்று பல பெயர்கள். முதலில் சிறிய செம்புள்ளி வரும். பிறகு இலையின் நீளவாக்கில் கதிர் வடிவத்தில் விரியும். நடுப்பகுதி பள்ளமாகிப் பழுப்பாகும். விளிம்பு சிவப்பாகவே இருக்கும். பூந்தண்டின் ஒரு பக்கம் தாக்கினால் அந்தப் பக்கம் வளர்ச்சி குன்றி, மறுபக்கம் வளர்ந்துகொண்டே போவதால் தண்டு வடு உள்ள பக்கமாக வளைந்துவிடும். காய்ந்த திட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கருப்பு நுண்புள்ளிகள் தெரியும். வித்துகள் வெளிவருவது அவற்றிலிருந்து.

பூஞ்சை ஓய்வெடுக்கும் இடம் கிழங்கின் கழுத்தும் அதன் மேல் ஒட்டியிருக்கும் காய்ந்த தோலும். புதிய இலை அந்தக் கழுத்தை உரசிக்கொண்டுதான் வெளியே வந்தாக வேண்டும். வரும்போதே தொற்றையும் கொண்டுவருகிறது. அதன்பின் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குப் போக அதற்குத் தேவை தெறிக்கும் நீர் மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டவெளியில் நெருக்கமாக வைத்த தொட்டிகளில் இது பரவும் வேகத்துக்குக் காரணம் அதுதான். பூவாளியால் தலையோடு நீர் ஊற்றுவதும் மழையைப் போன்ற வேலையைத்தான் செய்கிறது. அமரில்லிஸ் குடும்பத்துக்கு வெளியே இந்தப் பூஞ்சை பெரும்பாலும் போவதில்லை. குடும்பத்துக்குள் யாரையும் விடாது: விஷமூங்கில், மழை லில்லி, சிலந்தி லில்லி எல்லாம் அதற்கு உறவுதான். ஆகவே அமரில்லிஸுக்கு மருந்தடித்துவிட்டுப் பக்கத்துத் தொட்டி மழை லில்லியைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை.

சிகிச்சை எளிது, பொறுமைதான் வேண்டும். தாக்கிய இலையை நோயுற்ற பகுதிக்குக் கீழே, நல்ல பச்சையில் வெட்ட வேண்டும். காய்ந்த தோல்களை உரித்து எரிக்க வேண்டும். செதிலில் மேலோட்டமான வடு இருந்தால் கூர்மையான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி, நிழலில் உலர வைத்து, தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியையோ மேன்கோசெப்பையோ தடவலாம். தொட்டியை மழை நேரடியாகப் படாத இடத்துக்கு மாற்றி, மண்ணில் மட்டும் நீர் விட்டாலே பாதி நோய் அடங்கிவிடும். இந்தப் பூஞ்சை நல்ல கிழங்கைச் சீக்கிரம் கொல்வதில்லை. பல ஆண்டுகள் அழகைக் கெடுத்துக்கொண்டே கூட இருக்கும்.

சிவப்புக்கு இரண்டாவது காரணகர்த்தா கண்ணுக்கே தெரியாது. கிழங்குச் செதில் சிலந்தி, ஸ்டெனியோடார்சோனிமஸ் லாட்டிசெப்ஸ். நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். சாதாரணக் கைலென்ஸிலும் அகப்படாது. இருபது மடங்கு பெரிதாக்கினால் செதில்களுக்கு இடையே வெளிர் நிறத் துகள்களாக ஊர்வது தெரியும். கழுத்தில், செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இடுக்கில் குடும்பமாக வாழ்கிறது. இதன் அடையாளம் புள்ளி அல்ல, விளிம்பு. இலையின் ஓரத்தில் ரம்பப் பல் போன்ற வெட்டுகள், நீளமான செங்கீற்று, அரிவாளாக வளைந்த இலை, குட்டையாக முறுக்கிக்கொண்ட பூந்தண்டு. சந்தேகக் கிழங்கின் கழுத்தைக் குறுக்கே மெல்லியதாகச் சீவிப் பார்த்தால் அடுக்குகளின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் கிடக்கும்.

இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண். சிலந்திக்கொல்லியும் பெரிதாக உதவாது. மருந்து இலையின் மேல் நிற்கும், சிலந்தி செதிலுக்குள் இருக்கும். உருப்படியான ஒரே வழி வெந்நீர். அந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நார்சிசஸ் தோட்டங்களை ஒரு நூற்புழு அழித்துக்கொண்டிருந்தது. தொழிலே படுத்துவிடும் நிலை. விஸ்லி தோட்டத்தில் ஆராய்ந்த ஜேம்ஸ் கிர்க்கம் ராம்ஸ்பாட்டம் என்ற இளைஞர், கிழங்குகளைச் சுமார் 43 டிகிரி செல்சியஸ் நீரில் மூன்று மணி நேரம் வைத்தால் புழு சாகும், கிழங்கு பிழைக்கும் என்று 1917இல் நிறுவினார். இன்றுவரை வணிகப் பண்ணைகளில் சிறுசிறு மாற்றங்களுடன் அந்த முறைதான். அமரில்லிஸுக்கும் இதே நெருக்கத்திலுள்ள வெப்பம்தான், நேரம் குறைவு. வீட்டில் செய்யலாமா என்றால், நல்ல தெர்மாமீட்டரும் நீரின் சூட்டை ஒரே அளவில் நிறுத்த ஏற்பாடும் இருந்தால் செய்யலாம். அதுவும் இலையும் வேரும் ஓய்ந்திருக்கும் கிழங்குக்கு மட்டும். ஓரிரு டிகிரி குறைந்தால் சிலந்தி பிழைக்கும். ஓரிரு டிகிரி கூடினால் உள்ளே காத்திருக்கும் மொட்டு வேகும். அடுப்பில் பாத்திரத்தை வைத்து விரலால் சூடு பார்த்துச் செய்வதற்கு இது ரசமோ சாம்பாரோ அல்ல. விலை குறைந்த ஒற்றைக் கிழங்கென்றால் அப்புறப்படுத்துவதே புத்திசாலித்தனம் என்பேன்.

பூஞ்சையும் இல்லை, சிலந்தியும் இல்லை என்றாலும் சிவப்பு வரும். அடர்சிவப்புப் பூ பூக்கும் வகைகளின் கிழங்குத் தோளிலும் இலையடியிலும் பிறவியிலேயே செம்மை உண்டு. நிழலிலிருந்து திடீரென்று வெயிலுக்கு மாற்றினாலும் செம்மை ஏறும். கையால் தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இயல்பான சிவப்பு வழவழப்பாக, சீராக, எல்லையின்றிக் கரையும். நோயின் சிவப்புக்கு எல்லை உண்டு, மேடோ பள்ளமோ உண்டு, சில சமயம் வெடிப்பும் உண்டு. தேதி போட்டு ஒரு படம் எடுத்து வைத்து, இரண்டு வாரம் கழித்து ஒப்பிடலாம். வளராத திட்டு பழைய காயத்தின் தழும்பு. அதற்கு மருந்து வேண்டாம்.

இனி உண்மையான எமனுக்கு வருவோம். தொட்டி அமரில்லிஸ் சாவதற்கு நம் சமவெளியில் முதற்காரணம் அழுகல். அழுகலுக்கு முதற்காரணம் நாம் ஊற்றும் நீர். கிழங்கு தன் உணவையும் நீரையும் தானே சேமித்து வைக்கும் உறுப்பு. வேரில்லாத புதுக்கிழங்குக்கு நீரை உறிஞ்ச வழியே இல்லை. கடையிலிருந்து வந்ததும் கழுத்துவரை மண்ணில் புதைத்துத் தினமும் நீர் ஊற்றுவது அழுகலுக்கு விடுக்கும் அழைப்பு. கிழங்கின் மேற்பகுதி மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரிய வேண்டும். தொட்டி கிழங்கைவிட இரண்டு விரற்கடை அகலம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்புவது இப்போதைய வழக்கம். கோடையில் அது நல்லதாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் நாட்கணக்கில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி ஆற்று மணலோ கரடுமுரடான செம்மண்ணோ சேர்ந்தால்தான் அது கிழங்குக்கு ஏற்றது.

அழுகலில் ஆள் பலர். ஃபியூசேரியம் பூஞ்சை மெதுவாக வேலை செய்யும். வேர் வழியாக அடித்தட்டில் நுழைந்து, காய்ந்த பழுப்பு அழுகலாக மேலேறும். அடியில் வெளிர் இளஞ்சிவப்புப் பூசணம் தெரியலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கிழங்கைத் தொட்டால் பல் ஆடுவது மாதிரி ஆடும், காரணம் வேர் ஒன்றுகூட இல்லை. பாக்டீரியா அழுகல் நேர்மாறு: நாட்களிலேயே முடித்துவிடும். செதில்கள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறமாகிக் குழையும். மண்ணைக் கிளறும் முன்பே நாற்றம் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. 1892இல் ஃபுளோரிடாவின் தக்காளியில் இதைக் கண்ட பீட்டர் ஹென்றி ரால்ஃப்ஸ் பெயரால் வழங்குவது. மண்மட்டத்தில் விசிறியாக வெண்ணிழைகளும், அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அதுதான். நம் நிலக்கடலை விவசாயிக்கு இதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்டழுகலாக அவர் வயலில் ஆண்டுதோறும் வந்து போகிறது. அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கிழங்கைக் காப்பாற்றினாலும் அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பார்சலில் வந்த கிழங்கின் தோலில் நீலப்பச்சைப் பூசணம் இருந்தால் மட்டும் அவ்வளவு பதற வேண்டாம். பெரும்பாலும் அது மேல்தோலோடு நிற்கும் பெனிசிலியம். துடைத்து உலர்த்தினால் போய்விடும்.

கண்டறிய வேண்டிய இடம் இலையல்ல, அடித்தட்டு. இலை தளர்ந்தால், நுனி கருகினால், இரண்டு இலை சேர்ந்தாற்போல் மஞ்சளானால், நீர் ஊற்றும் முன் கிழங்கை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அமரில்லிஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும். ரோஜாவைப் போல் கோபித்துக்கொள்ளாது. கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள். நல்ல கிழங்கு எங்கும் ஒரே கெட்டி. வெள்ளை வேர்கள் பருமனாக நின்றால் கவலையில்லை. உருவினால் தோல் கழன்று நூலாக நிற்கும் வேர் செத்த வேர்.

அழுகல் இருந்தால் கத்திதான் மருந்து. முதலில் கழுவி, செத்த தோல், செத்த வேர் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பிறகு பழுப்பான சதையை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெள்ளைச் சதை மட்டும் எஞ்சும்வரை நிறுத்தக் கூடாது. 'இவ்வளவு போதும்' என்ற கருணை இங்கே ஆகாது. ஆனால் ஓர் எல்லை உண்டு. அடித்தட்டு முழுவதும் அழுகிவிட்டால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு மேல் வேர் விடாது. தட்டின் ஓரத்தில் ஒரு பிறையளவு உயிரோடு இருந்தாலும் அங்கிருந்து வேர் வரும், நம்பலாம். வெட்டிய கிழங்கைக் காற்றோட்டமான நிழலில் சில நாட்கள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, வெட்டுவாய் தோல்போல் உலர்ந்தபின், கழுவிய மணலின் மேல் அமர்த்தி, வேர் வரும்வரை ஓரத்தில் சில துளி நீர் மட்டும் விடலாம். கிழங்கில் லைக்கோரின் என்ற நச்சு இருப்பதால் கையுறை அணிவது நல்லது. வெட்டிய துண்டுகளை நாய், ஆடு வாய்வைக்கும் இடத்தில் போடக் கூடாது.

வெட்டுவாயில் எதைத் தடவுவது என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம். மஞ்சள் தூள், சாம்பல், லவங்கப்பட்டைத் தூள், கந்தகம். மஞ்சளுக்கும் பட்டைக்கும் ஆய்வகத்தில் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டென்பது உண்மை. உயிருள்ள கிழங்கில் அவை செய்வது பெரும்பாலும் ஈரத்தை உறிஞ்சும் வேலைதான். அந்த வேலையும் தேவைதான். தடவட்டும், ஆனால் அழுகலைப் பாதி விட்டுவிட்டு மேலே மஞ்சள் பூசினால் அது அலங்காரம் மட்டுமே.

கடை மருந்துகள் விஷயத்திலும் இதே அளவு நிதானம் வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப், அல்லது 3 கிராம் வரை காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்பது வழக்கமான அளவு. கார்பென்டாசிம் கலந்த பொடிகளும் எளிதில் கிடைக்கின்றன. இவை பூஞ்சை வராமல் தடுக்கும், பரவலை நிறுத்தும். அழுகிய திசுவை நல்ல திசுவாக மாற்றும் மருந்து எதுவும் கிடையாது. பாக்டீரியா அழுகலுக்குக் கார்பென்டாசிம் ஊற்றுவது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம், சொல்லப்போனால் தண்ணீராகவே அது கெடுதலும் செய்யும். 2020இல் இந்திய அரசு தடைசெய்யக் கருதி வெளியிட்ட 27 பூச்சிமருந்துகளின் வரைவுப் பட்டியலில் மேன்கோசெப்பும் கார்பென்டாசிமும் இருந்தன. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் மேன்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. குழந்தைகள் விளையாடும் மாடியில் நான்கு தொட்டிக்காக மாதாமாதம் இவற்றை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய டிரைக்கோடெர்மா விரிடியும் சூடோமோனாஸும் மண்வழிப் பூஞ்சைகளுக்கு எதிரான முன்காப்பு என்ற வகையில் நல்லவை. நடும்போதே மண்ணில் கலக்க வேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான் என்பதை மறந்து, அதைப் போட்ட வாரமே கார்பென்டாசிமும் ஊற்றுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது தொட்டிக்குப் போகலாம். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்புக்கு இணையாக வெளிர்பச்சையும் கரும்பச்சையும் மாறிமாறிக் கீற்றுகளாக ஓடுகிறதா? ஹிப்பியாஸ்ட்ரம் தேமல் வைரஸாக இருக்கலாம். ஹவாயில் பணியாற்றிய லூயிஸ் குன்கல் 1922இல் இத்தகைய இலைகளின் செல்களுக்குள் அமீபா போன்ற உருவங்களைக் கண்டு எழுதினார். நோயை உண்டாக்கும் உயிரியே அதுவாக இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. வைரஸை நேரில் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அப்போது கிடையாது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் உருவாகும் திரள்கள் அவை என்பது பின்னாளில் தெளிந்தது.

சத்துக்குறையையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சத்துக்குறை இலையின் இரு பாதியிலும் ஒத்திருக்கும். உரமிட்டால் அடுத்த இலை தேறும். வைரஸின் கீற்று ஒழுங்கற்றது, எந்த உரத்துக்கும் அசையாது. இதைப் பரப்புவது அசுவினி. செடியில் அமர்ந்து ஒருமுறை குத்திச் சுவை பார்க்கும் சில நொடிகளிலேயே வைரஸ் கைமாறிவிடும். மருந்து பட்டு அசுவினி சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். சாறு வழியாகவும் தொற்றும் என்பதால் பூந்தண்டை வெட்டும் கத்தரிக்கோல் இன்னொரு தூதுவன். த்ரிப்ஸ் பூச்சி கொண்டுவரும் தக்காளிப் புள்ளிவாடல் வைரஸும் இந்தச் செடியைத் தாக்கும், வளைய வளையமாக அடையாளம் விடும். நீலகிரியில் சாமந்தியில் அது பதிவாகியிருக்கிறது. எதற்கும் சிகிச்சை இல்லை. பூக்கிறதே என்று வைத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஒற்றைத் தொட்டியாக இருக்கும்வரை. சேகரிப்பு வைத்திருப்பவர் வைத்துக்கொள்வதும், அதன் பக்கக் கிழங்கை நண்பர்களுக்குப் பரிசளிப்பதும் நோயைப் பரிசளிப்பதே.

பூச்சிகளில் மாவுப்பூச்சி கழுத்து இடுக்கிலும் காய்ந்த தோலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். எறும்பு வரிசை கிழங்கை நோக்கிப் போனால் தோலை உரித்துப் பாருங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு போதும். கருப்பு உடலில் வெள்ளைக் குறிகளுள்ள லில்லிப் புழு ஒரே இரவில் இலையை மொட்டையடித்துக் கிழங்கைக் குடைந்து இறங்கும். அதன் உறவினன் ஒன்று, நச்சு நிறைந்த செங்காந்தளையே தின்று வாழ்வது. அந்தக் குடும்பத்துக்கு நம் வேப்பெண்ணெய் எம்மாத்திரம்! மாலையில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதே விரைவான வழி.

கைவிட்ட நோயாளியிடமிருந்தும் மீட்க முடிவது உண்டு. அடித்தட்டின் நல்ல துண்டோடு ஒட்டிய இரண்டிரண்டு செதில்களாகக் கிழங்கைப் பிளந்து, லேசான ஈரமுள்ள மணலில் மிதமான சூட்டில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் செதிலுக்கு இடையே குட்டிக் கிழங்கு வரும். அழுகலிலிருந்து ஒரு வகையைக் காப்பாற்ற இது நல்ல வழி; வைரஸ் மட்டும் குட்டிக்கும் சேர்ந்தே வரும். வைரஸ் உள்ள செடியிடமிருந்து விதையெடுக்கலாம், விதை வழியாக அது பொதுவாகப் போவதில்லை. ஆனால் பூக்க மூன்று ஆண்டுகள்வரை ஆகலாம், தாயின் நிறமும் அப்படியே வராது. புதிதாக வரும் எந்தக் கிழங்கையும், அது எவ்வளவு நம்பகமான நர்சரியிலிருந்து வந்தாலும், காய்ந்த தோலை உரித்துப் பார்த்துத் தனித்தொட்டியில் மற்றவற்றிலிருந்து தள்ளி, முதல் நான்கு இலைகள் விரியும்வரை வைத்திருக்க வேண்டும். செதில் சிலந்தியும் செந்திட்டும் தேமலும் இருந்தால் அநேகமாக அந்த நான்கு இலைக்குள் தெரிந்துவிடும்.